ஐசியுவில் ஈசிஜி கோடு நடுங்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் என்ஜினியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஐசியுவில் ஒரு படுக்கையில் மட்டும் மானிட்டரில் ஈசிஜி கோடு தடித்து நடுங்குகிறது. திருச்சியிலிருந்து கம்பெனி என்ஜினியர் இரண்டு முறை வந்து, மெஷின் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "அப்புறம் நீ எதற்கு?" என்கிறது நிர்வாகம். நானே பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். "ஒரு படுக்கையில் மட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. டியூட்டி டாக்டரிடமும் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டு, நோயாளியின் நிலை இடம் கொடுக்கிற நேரத்தில், அந்த மானிட்டரைக் கேபிளோடு சேர்த்துப் பக்கத்துப் படுக்கைக்கு மாற்றுங்கள். நடுக்கமும் கூடவே போனால் கேபிள், லீட் வயர், கடைசியாகத்தான் மானிட்டர். பழைய படுக்கையிலேயே நின்றுவிட்டால் அந்தச் சாக்கெட், அதன் எர்த், இல்லையென்றால் பக்கத்தில் ஓடுகிற கட்டில் மோட்டார், வார்மர் மாதிரி ஏதாவது ஒன்று.

அடுத்து, நடுக்கம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். ரெக்கார்டரில் நொடிக்கு 50 மி.மீ. வேகத்தில் பிரிண்ட் எடுத்தால் சின்னக் கட்டம் ஒன்றுக்கு ஒரு நெளிவு என்று சீராக விழுகிறதா? அது கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ். ஒழுங்கில்லாமல் இருந்தால் தசை நடுக்கமாகவோ காய்ந்துபோன எலக்ட்ரோடாகவோ இருக்கலாம். பாக்கெட்டைப் பிரித்து நாள்கணக்கில் டிரேயில் கிடந்த எலக்ட்ரோடை, சித்திரை வெயிலில் வியர்த்த மார்பில் ஒட்டினால் எந்த மெஷினும் நல்ல கோடு போடாது. தோலைத் துடைத்து, தேவைப்பட்டால் முடியை மழித்து, புதிய பாக்கெட் பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். செட்டிங்கில் நாட்ச் ஃபில்டரையும் (கரண்ட் லைன் நடுக்கத்தை வடிகட்டுவது) பாருங்கள், வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின்களில் அது 60 ஹெர்ட்ஸிலேயே இருப்பதுண்டு, நமக்கு வேண்டியது 50. ஆனால் கோடு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஃபில்டரை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், ஈசிஜியில் மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் எஸ்டி பகுதியின் வடிவம் மாறிவிடும், டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

பிறகு எர்த். படுக்கை காலியாக இருக்கும்போது சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனோடு உட்கார வேண்டியதுதான். நம் பக்கம் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முந்தைய மாதங்களில் மண் காய்ந்து எர்த் பிட்டின் (எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி) ரெசிஸ்டன்ஸ் ஏறும், அதனால் கோடையில் பிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் ரெசிஸ்டன்ஸை அளப்பதையும் உங்கள் அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். நடுக்கம் போகிறதே என்று எர்த் பின்னை உடைப்பதும் இரண்டு பின் பிளக் போடுவதும் கூடவே கூடாது. இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள கருவிகளுக்கு இயல்பு நிலையில் அனுமதிக்கப்படும் நோயாளிக் கசிவு மின்னோட்டம் வெறும் 10 மைக்ரோ ஆம்பியர். இதயத்துக்குள் போகும் டெம்பரரி பேஸ்மேக்கர் வயரோடு ஒருவர் படுத்திருக்கும் ஐசியுவில் எர்த்தை வெட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நிர்வாகத்துக்கு வாயால் பதில் சொல்லாதீர்கள். தேதி, படுக்கை எண், சீரியல் நம்பர், என்ன பார்த்தீர்கள், என்ன கிடைத்தது, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். "நான்காம் படுக்கை சாக்கெட்டில் நியூட்ரல்-எர்த் 9 வோல்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வயரிங்குக்குப் பணம் ஒதுக்குவார்கள். வாரண்டியில் உள்ளதா, உதிரிபாகமும் சேர்ந்த பராமரிப்பு ஒப்பந்தமா (சிஎம்சி), வேலைக்கு மட்டுமான ஒப்பந்தமா (ஏஎம்சி) என்பதையும் அதே நோட்டில் ஒவ்வொரு கருவிக்கும் குறித்துக்கொள்ளுங்கள், சீல் உடைத்தால் உரிமை போய்விடும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப், டிஃபிப்ரிலேட்டர் ஒவ்வொன்றையும் நோயாளியிடம் இல்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி பேட்டரியிலேயே ஓடவிட்டு, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று எழுதிவையுங்கள்.