பேனா கொடுத்தால்தான் கணக்குப் போடுவார்களா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. சரியாகப் போட்டால் பேனா தருவேன் என்றதும் போட்டார்கள். பேனாவை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பேனா வேண்டாம், டீச்சர். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பரிசு இல்லாதபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். இருந்த ஆசையே இப்படிக் குறையும் என்றால், ஆசையே இல்லாத இடத்தில் பரிசை மட்டும் நம்ப முடியாது.

எட்டாம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை பெரும்பாலும் சோம்பேறி இல்லை. பின்னத்திலோ வகுத்தலிலோ எப்போதோ விட்டுப்போயிருக்கும். அதற்குப்பின் நடத்தியது எதுவும் ஏறியிருக்காது. நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்குகள் சிலவற்றை மதிப்பெண் இல்லாமல் போடச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அங்கிருந்து, அவர்களால் போட முடிகிற கணக்காகத் தொடங்குங்கள். முதலில் முடியட்டும், ஆர்வம் பின்னால் வரும்.

உங்கள் ஊரில் இதற்கு அருமையான வழி இருக்கிறது. வீட்டில் கொலுசு வேலை நடக்கிற பிள்ளைகள் அந்த வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். சதவீதத்தைப் புத்தகத்தில் தொடங்காமல், '80 டச் கொலுசு கால் கிலோ. அதில் சுத்த வெள்ளி எவ்வளவு?' என்று கேளுங்கள் (80 டச் என்றால் நூற்றுக்கு 80 பங்கு சுத்த வெள்ளி). 200 கிராம் என்று கடைசி பெஞ்சிலிருந்தே பதில் வரலாம். கிலோவுக்கு என்ன கூலி என்று அவர்களையே சொல்லவைத்து, 350 கிராமுக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். டீச்சருக்குத் தெரியாததைத் தான் சொல்லும்போது அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். அப்புறம் புத்தகத்துக்குப் போகலாம்.

கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடியாவது பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் கண்டறிந்தார். நேரத்தைக் கூட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பாராட்டும்போது 'கெட்டிக்காரன்' என்பதைவிட, 'கிராமை கிலோவாக மாற்றினாயே, அது சரி' என்று செய்ததைச் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை தினமும் காலையில் தூங்கி வழிந்தால், இரவில் பட்டறை வேலையா என்று தனியாக விசாரியுங்கள். ஆம் என்றால் தலைமை ஆசிரியரோடு சேர்ந்து பெற்றோரிடம் பேசுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கத் தயங்காதீர்கள்.