வெள்ளைக் கிறிஸ்மஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம். இப்போது கோவையில் வேலை, வாடகை ப்ளாட். மனைவி, பத்து வயது மகள், கூடவே அப்பா. இந்த டிசம்பரில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்க நல்ல கிறிஸ்துமஸ் இசை ஆல்பங்கள் ஒரு பத்து சொல்ல முடியுமா? மகள் நாள் முழுக்க மரையா கேரியின் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தரமான ரசனையை உருவாக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்பாவோ கீர்த்தனையைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளைக்காரன் பாட்டு என்கிறார். எனக்குமே ஒரு கூச்சம் இருக்கிறது. மின்விசிறியைச் சுழலவிட்டுக்கொண்டு பனி பெய்கிறது, சறுக்குவண்டி போகிறது என்று கேட்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது இல்லையா? எல்பி ரெக்கார்டு வாங்கலாமா, ஸ்ட்ரீமிங் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ஒரு பழைய கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே கொடுத்து எம்பி3 ஆக்குவது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். டொரொண்டோவில் இருக்கும் என் தங்கை கேட்டிருந்தாள். அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் 'பத்து ஆல்பம் சொல்லுங்கள்' வகைக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவது கிடையாது.

எல்பியா ஸ்ட்ரீமிங்கா என்பதை விடுங்கள். எது கைக்கு எட்டுகிறதோ அதில் கேளுங்கள். ஊசி கீறும் சத்தத்தில்தான் இசையின் உயிர் இருக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்து, ரசனையை உருவாக்குவது. தம்பி, பத்து வயதுப் பெண் பிள்ளை ஒரு பாட்டை நாள் முழுக்கக் கேட்கிறாள் என்றால் அவளுக்கு இசை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் நீங்கள் ஒரு பட்டியலோடு போய் நின்றால் அவள் பாட்டை விட்டுவிட்டு உங்களிடமிருந்து தப்பிக்கத்தான் கற்றுக்கொள்வாள். மரையா கேரியின் அந்த 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ' 1994இல் வந்தது. அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற அதற்கு 2019 வரை, இருபத்தைந்து வருடம் பிடித்தது. அவ்வளவு காலம் நின்ற பாட்டு உங்கள் வீட்டில் ஒரு டிசம்பர் இருந்துவிட்டுப் போகட்டும். 'தரமான' என்ற சொல்லை வீட்டு ஹாலுக்குள் கொண்டுவராதீர்கள். அது அலுவலகத்தில் இருக்கவேண்டிய சொல்.

அப்பா சொல்வது பாதி சரி. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1800 வாக்கிலேயே 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதிவிட்டார். குறத்தியைக் கூட்டிவந்து குறி சொல்ல வைத்தார், பனி தேவைப்படவில்லை. ஆனால் அப்பா கோயிலில் கையில் வைத்திருக்கும் புத்தகத்தில் கீர்த்தனைக்கு முன்னால் பாமாலை இருக்கிறதே, அதில் முக்கால்வாசி யாருடைய பாட்டாம்? வெள்ளைக்காரன் பாட்டைத் தமிழாக்கியதுதானே? நம்மூரில் தமிழில் பாடும் 'சைலன்ட் நைட்'டே 1818இல் ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் என்ற சின்ன ஊரில், ஒரு கிதாரை வைத்துக்கொண்டு முதன்முதலில் பாடப்பட்டதுதான். இதை அப்பாவிடம் சொல்லிச் சண்டை போடவேண்டாம். அவர் கீர்த்தனை கேட்கட்டும்.

எனக்கு எரிச்சல் வந்தது அந்தப் 'பனி' வரியில்தான். இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். படித்தவர்கள்தான் சொல்வார்கள். ஏதோ பெரிய கண்டுபிடிப்புபோலச் சொல்வார்கள். பனியைப் பார்க்காதவன் பனிப் பாட்டைக் கேட்பது போலித்தனமாம். அந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் எழுதும்போது எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று என்றைக்காவது தேடிப் பார்த்தீர்களா?

'ஒயிட் கிறிஸ்துமஸ்' எழுதிய இர்விங் பெர்லின் ரஷ்யாவிலிருந்து ஐந்து வயதில் நியூயார்க்குக்கு வந்த யூதர். அவருக்குக் கிறிஸ்துமஸே பண்டிகை கிடையாது. ஒரு மாதம்கூட நிறையாத அவருடைய மகன் 1928இல் கிறிஸ்துமஸ் அன்று இறந்துபோனான். அந்தப் பாட்டுக்கு ஒரு தொடக்கப் பகுதி உண்டு, அதைப் பாடிப் பிரபலமாக்கிய பிங் கிராஸ்பியின் ரெக்கார்டில் அது இல்லை. பெவர்லி ஹில்ஸில் நல்ல வெயில், புல் பச்சையாக இருக்கிறது, ஆரஞ்சு மரமும் பனை ஜாதி மரமும் காற்றில் ஆடுகின்றன, ஆனால் இன்று டிசம்பர் 24, எனக்கு வடக்கே போகவேண்டும்போல் இருக்கிறது என்று போகும். நாசரேத்காரரான உங்களுக்குப் பனைமரத்தைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. பனைக்குக் கீழே நின்றுகொண்டு பனியை நினைத்து ஏங்குகிறவனின் பாட்டு அது. கிராஸ்பி அதை 1942 மே 29இல், லாஸ் ஏஞ்சலஸில் ரெக்கார்டு செய்தார். மே மாதம்! கத்திரி வெயிலில் நாம் மோர் குடித்துக்கொண்டிருக்கும் மாதம். அது விற்ற விற்பனையில் மூலத்தட்டு தேய்ந்துபோய் 1947இல் மறுபடி பாடவேண்டி வந்தது.

இது ஒன்றுதானா? 'பனி பெய்யட்டும்' என்று சொல்லும் இன்னொரு பிரபலமான பாட்டு 1945 ஜூலையில் ஹாலிவுட்டில், வெக்கை தாங்காமல் எழுதப்பட்டது. அதே ஜூலையில், அதே கலிபோர்னியாவில் ராபர்ட் வெல்ஸ் என்பவர், உடம்பு குளிருமா என்று பார்க்கக் குளிர்கால விஷயங்களாக நாலு வரி எழுதி வைத்தார். மெல் டோர்மே அங்கே வந்து அதைப் பார்த்து, இரண்டு பேருமாக ஒரு மணி நேரத்துக்குள் முடித்ததுதான் நாட் கிங் கோல் பாடிய 'தி கிறிஸ்துமஸ் சாங்'. கோல் அதை நான்கு முறை ரெக்கார்டு செய்தார். நாம் கேட்பது பெரும்பாலும் 1961இல் பாடியது.

போனி எம் பாட்டுக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தென் மாவட்டங்களில் கேரல் ரவுண்ட்ஸ் போகிற வேனில் ஒலிக்காத வருடம் உண்டா? பின்னணியில் இருந்த தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் ஜெர்மன்காரர். மேடையில் நின்ற நாலு பேரும் பிறந்தது ஜமைக்கா, மான்ட்செராட், அரூபா. எல்லாம் கரீபியன் தீவுகள், பனி என்றால் ஐஸ் பெட்டிக்குள் இருப்பது. அவர்களுடைய பெரிய கிறிஸ்துமஸ் பாட்டான 'மேரீஸ் பாய் சைல்ட்' ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதியது. அவர் அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்களின் பேரன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1975 ஏப்ரல் கடைசியில், வியட்நாம் போரின் முடிவில், சைகோன் நகரம் விழும் நேரம். அமெரிக்கர்கள் உடனே நகரை விட்டுக் கிளம்பவேண்டும் என்பதற்கு வானொலியில் ஒரு ரகசியச் சைகை ஏற்பாடு செய்திருந்தார்கள். 'சைகோனில் வெப்பநிலை 105 டிகிரி, இன்னும் ஏறுகிறது' என்று அறிவிப்பு வரும், அதைத் தொடர்ந்து 'ஒயிட் கிறிஸ்துமஸ்' ஒலிக்கும். 105 டிகிரி, தம்பி. நம் பாளையங்கோட்டை வெயில்.

ஆக, அந்தப் பாட்டுகளுக்கு வேர்வை புதிதில்லை. நீங்கள் மின்விசிறியை இன்னும் ஒரு எண் கூட்டி வைத்துவிட்டுத் தாராளமாகக் கேட்கலாம்.

எங்கள் வீட்டுக்கு 'ஒயிட் கிறிஸ்துமஸ்' வந்தது 1984இல். மாமா குவைத்திலிருந்து ஒரு நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அப்பா பாளை மார்க்கெட் பக்கம் இருந்த ஒரு ரெக்கார்டிங் கடையில் காலி கேசட் ஒன்றைக் கொடுத்து, அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் எல்பியைப் பதிந்து வாங்கிவந்தார். 1963இல் வந்த 'ட்வெல்வ் சாங்ஸ் ஆஃப் கிறிஸ்துமஸ்'. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும். வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. உங்கள் வயதுக்கு இதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பானையில் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும். ஆறியதும் வடிகட்டி, கொஞ்சம் நீலம் கலந்து, பனைமட்டையை நசுக்கி நாராக்கிய மட்டையால் அடிப்பார்கள். டிசம்பர் மழையில் சுவர் காயவே காயாது. கட்டில், பீரோ எல்லாம் நடுவில் இழுத்துப் போட்டிருக்கும். ஈரச் சுண்ணாம்பு வாசமும் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுக்கிற வாசமும் கலந்து வருவதுதான் எனக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ்.

அந்த நிலைமையில் ஜன்னல் திண்டில் வைத்து டேப்பை ஓடவிட்டார் அப்பா. ஆச்சி கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' வந்தது.

"ஏல, என்ன பாடுதான்?"

"வெள்ளைக் கிறிஸ்மஸ் வரணும்னு பாடுதாரும்மா."

ஆச்சி சுவரைப் பார்த்தாள். ஏணியில் நின்றவரைப் பார்த்தாள்.

"அப்போ அவுக ஊர்லயும் அடிக்கத்தான் செய்யுதாக."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஆங்கில ஆசிரியர் அவர். ஒரு காற்புள்ளி பிசகினால் பிரம்பை எடுப்பவர், அன்றைக்குத் திருத்தவில்லை. பதினொரு வருடம் கழித்துச் சாகும்வரை ஆச்சிக்கு அது வெள்ளையடிக்கிற பாட்டுதான். "அந்த வெள்ளையடிக்கித பாட்டப் போடு" என்பாள், ஈஸ்டருக்குக்கூட. ஏங்கியே எழுதப்பட்ட ஒரு பாட்டு, ஏங்க வேண்டிய அவசியமே இல்லாத ஒரு கிழவியிடம் வந்து சேர்ந்தது. அவளுடைய வெள்ளைக் கிறிஸ்மஸ் எதிர்ச் சுவரிலேயே இருந்தது. இதைப் போலித்தனம் என்று என்னிடம் சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது நல்லது.

சரி, உங்கள் கேள்வி. பத்தெல்லாம் முடியாது. ஜிம் ரீவ்ஸின் அந்த ஆல்பம் ஒன்று. அவர் மைக்குக்குக் கிட்டத்தட்ட உதட்டை ஒட்டி வைத்து, குரலைத் தணித்துப் பாடுகிறவர். அதனால் அடுக்களைச் சத்தத்தோடு அந்தக் குரல் போட்டிக்கு வராது. பேச்சு நடக்கும்போது ஒதுங்கியிருக்கும், பேச்சு நின்றால் கேட்கும். குடும்பத்தோடு கேட்க ஒரு ஆல்பத்துக்கு இந்த ஒரு குணம் போதும். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் காதில் விழும், ஆங்கிலம் தட்டுத் தடுமாறும் வீட்டுக்கு அது பெரிய உதவி. அதில் 'கிறிஸ்துமஸ்' என்பதை எழுத்து எழுத்தாகச் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. என் தங்கை இன்றும் அந்தச் சொல்லை முணுமுணுத்துப் பாடித்தான் எழுதுவாள், பி.எச்டி. முடித்தவள். ரீவ்ஸ் 1964 ஜூலை 31இல், தானே ஓட்டிய சிறு விமானம் மழையில் விழுந்து நாற்பது வயதில் இறந்துபோனார். அந்த ஆல்பம் வந்தபின் அவர் பார்த்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ். எங்களுக்கு அது அப்போது தெரியாது.

இரண்டாவது, வின்ஸ் குவரால்டியின் 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்', 1965. பியானோ, பேஸ், டிரம்ஸ், நடுவில் ஒரு தேவாலயத்துச் சிறுவர் பாடகர் குழு. உங்கள் மகளுக்குப் பிடிக்கலாம். அவளிடம் இது ஜாஸ் என்று சொல்லித் தொலைக்காதீர்கள். மூன்றாவதை மகள் தேர்ந்தெடுக்கட்டும். மரையா கேரியாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

எதுவானாலும் வரிசை மாற்றாமல், முதல் பாட்டிலிருந்து கடைசிவரை, வருடா வருடம் அதையே போடுங்கள். ஷஃபிள் பொத்தானை மட்டும் தொடாதீர்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வருவதற்கு முன் அந்த இரண்டு வினாடியில் வீட்டில் யாராவது ஒருவர் அடுத்த பாட்டை எடுத்துவிடுவார்கள் பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் கேசட்டில் 'சைலன்ட் நைட்'டோடு ஆல்பம் முடிந்துவிடும். டேப் மிச்சம் இருந்தது. ரெக்கார்டிங் கடைக்காரருக்கு அதை வெறுமனே விட மனசு வரவில்லைபோல, ஒரு இளையராஜா பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார். நல்ல டூயட், மழையில் பாடுவது. எந்தப் பாட்டு என்று சொல்லமாட்டேன். கிறிஸ்துமஸ் ராத்திரி, ஆராதனைக்குப் போகுமுன், புதுச் சட்டை மொடமொடக்க, ஜிம் ரீவ்ஸ் அமைதியான இரவைப் பாடி முடித்ததும் டிக்கென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் அந்த டூயட். அம்மா முதல் வருடம் எழுந்துபோய் நிறுத்தினாள். இரண்டாம் வருடம் நிறுத்தவில்லை. அதற்கடுத்த வருடம் அடுக்களையிலிருந்து கூடவே பாடினாள். டொரொண்டோவில் தங்கை கேட்பது அதைத்தான். அங்கே அவளுக்கு வாசல்வரை நிஜப் பனி கிடக்கிறது.

நேற்று கேசட்டை எம்பி3 ஆக்கி வாங்கிவந்தேன். சின்னப் பையன்தான், கருத்தாகச் செய்திருந்தான், இரைச்சலெல்லாம் எடுத்திருந்தான். வீட்டில் போட்டுப் பார்த்தால் 'சைலன்ட் நைட்'டோடு நின்றுவிட்டது. போன் செய்தேன்.

"கடைசியில ஒரு சினிமா பாட்டு தப்பா ஏறியிருந்துச்சு சார். நானே வெட்டிட்டேன்" என்றான்.

நாளைக் காலை கேசட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் போகவேண்டும்.