ஆர்லிங்டனின் கூரை – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் டெக்சாஸில், இர்விங் நகரில் வசிக்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அலுவலக நண்பர்கள் இழுத்துப்போய்க் காட்டியதில் பேஸ்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. அணி, டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். ஆர்லிங்டனின் பழைய மைதானத்தில் ஆகஸ்ட் வெயிலைத் திட்டிக்கொண்டே பார்த்த ஆட்டங்கள்தான் இன்றும் நினைவில் நிற்கின்றன. 2020இல் அதற்கு எதிரிலேயே குளோப் லைஃப் ஃபீல்டு வந்துவிட்டது. திறந்து மூடும் கூரை, குளிர்சாதனம், வசதியான இருக்கைகள். ஊரிலிருந்து வந்த வயதான பெற்றோரைக்கூட அழைத்துப்போக முடிந்தது. ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் சரக்குக் கிடங்கு மாதிரி இருக்கிறது. உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்போதே ஏதோ துரோகம் செய்வதுபோல் மனம் உறுத்துகிறது. பழையது இடிக்கப்படாமல் பக்கத்திலேயே நிற்பது அதைவிடக் கொடுமை. கல்லூரியில் படிக்கும் என் மகள், ‘அப்பாவுக்கு ஏசியும் வேண்டும், வெயிலும் வேண்டும்’ என்று சிரிக்கிறாள். இது வெறும் பழம்நினைவு மயக்கம்தானா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் அது. அங்கே கூரையில்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது ரசனை சார்ந்த விஷயம் அல்ல, தண்டனை. வெயிலுக்காக ஏங்குவது குளிர்ந்த அறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கும். பெற்றோரை அழைத்துப்போக முடிந்ததல்லவா, அதற்காகவே அந்தக் கூரைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மீதிப் பாதிதான் விஷயம். உங்களை உறுத்துவது ரேஞ்சர்ஸ் அங்கிருந்து கிளம்பிய அவசரம் என்று எனக்குப் படுகிறது.

பழைய மைதானம் 1994 ஏப்ரலில் திறக்கப்பட்டது. செங்கல் சுவர், வரிசையாக வளைவுகள், வலதுபக்கம் தூண்கள் தாங்கிய கூரையோடு ஒரு மாடம். அந்த மாடம் டெட்ராய்ட்டின் டைகர் ஸ்டேடியத்தைப் பார்த்து வைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் வந்ததிலிருந்து, புது மைதானத்தைப் பழசுபோலக் கட்டுவது அமெரிக்காவில் ஒரு மோகமாகவே பரவியது. ஆர்லிங்டனும் அந்த வரிசைதான். கறாராகச் சொன்னால், நீங்கள் ஏங்கும் அந்தப் பழமை பிறக்கும்போதே போலி.

ஆனால் ஆட்டம் என்று ஒன்று இருக்கிறதே, அது போலியை அப்படியே விட்டுவைக்காது. திறந்த முதல் கோடையிலேயே, 1994 ஜூலை 28 அன்று, ரேஞ்சர்ஸின் கென்னி ராஜர்ஸ் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு எதிராகப் பந்துவீசினார். எதிரணியின் 27 பேரும் அவுட். ஒருவர்கூட ஓட்டத்தின் முதல் நிறுத்தமான முதல் பேஸை மிதிக்கவில்லை. கடைசிச் சுற்றான ஒன்பதாவது இன்னிங்ஸின் தொடக்கத்திலேயே அது கைநழுவியிருக்க வேண்டியது. தாழ்வாக வந்த பந்து நடுக்களத்தில் விழப்போகும் நேரத்தில் ரஸ்டி கிரீர் என்ற புது ஆட்டக்காரர் ஓடிவந்து உடம்பை வீசிப் புல்லோடு புல்லாகப் பிடித்தார். செங்கல்லால் செய்ய முடியாததை அந்த ஒரு பாய்ச்சல் செய்தது. பிறகு நடுக்களத்துக்குப் பின்னால் இருந்த ‘கிரீன்ஸ் ஹில்’ என்ற புல்மேடு. கிரிக்கெட் சிக்ஸர்போல எல்லை தாண்டும் ஹோம் ரன் பந்து அங்கே விழுந்தால் இருக்கையிலிருந்து குதித்துச் சறுக்கிக்கொண்டு ஓடி எடுக்க ஒரு கூட்டமே இருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஓடினீர்களா என்று கேட்கமாட்டேன். 2010இல் ஒருகாலத்தில் ரேஞ்சர்ஸுக்கே ஆடிய அலெக்ஸ் ராட்ரிகஸ் நியூயார்க் யாங்கீஸ் சட்டையில் நின்று, அவுட்டாக்கும் மூன்றாவது ஸ்டிரைக்கை மட்டையை வீசாமல் வேடிக்கை பார்க்க, ரேஞ்சர்ஸ் முதன்முறையாக உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டிக்குப் போனதும் அங்கிருந்துதான்.

இப்படிப் போலிப் பழமை நிஜப் பழமையாகிக்கொண்டிருந்த வேளையில் கடையைக் கட்டிவிட்டார்கள். மொத்தம் 26 பருவங்கள். குத்தகையே 2024 வரை இருந்தது. பாஸ்டனின் ஃபென்வே பார்க் 1912இல் கட்டியது, சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு 1914இல் கட்டியது. இரண்டிலும் இன்றும் ஆடுகிறார்கள்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. புதியதன் செலவு சுமார் 120 கோடி டாலர். அதில் ஆர்லிங்டன் நகரம் 50 கோடி டாலர் வரை தரலாம் என்று 2016 நவம்பரில் அந்நகர மக்கள் வாக்களித்தார்கள். அணி டல்லாஸுக்குப் போய்விடும் என்ற பயம் ஒருபக்கம், வெயில் என்ற வாதம் மறுபக்கம். விற்பனை வரி, ஓட்டல் வரி, வாடகைக் கார் வரி ஆகியவற்றிலிருந்து நகரத்தின் பங்கு வரும். அதே வாக்கெடுப்பில் டிக்கெட்டின் மேல் 10 சதவீதம் வரையும் பார்க்கிங்கின் மேல் 3 டாலர் வரையும் வரி போட அனுமதி வாங்கினார்கள். அது அணி தரவேண்டிய பங்குக்குப் போகிறது. அதாவது அணியின் கடனில் ஒரு பகுதியை, இர்விங்கிலிருந்து கார் ஓட்டிவரும் நீங்கள் அடைக்கிறீர்கள். உங்களுக்கு அங்கே வாக்கு கிடையாது. பேருந்துத் தடங்கள் இல்லாத ஊர் என்பதால் காரில்லாமல் போவதும் பெரும்பாடு. இந்தக் கோபத்தைப் பழம்நினைவு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இருக்கை சுகமாக இருப்பதால் அந்தக் கணக்கு நேராகிவிடாது; அந்தக் கணக்கு கோணலாக இருப்பதால் இருக்கை குத்தவும் வேண்டாம்.

இனி புதிய மைதானம். பாவம், அதற்கு ராசியில்லாத பிறப்பு. 2020இல் தொற்றுக்காலம்; முதல் பருவம் முழுக்க ரேஞ்சர்ஸ் காலி இருக்கைகளுக்கு முன்னால் ஆடியது. அங்கே முதலில் ரசிகர்களை உள்ளே விட்டதும் உலகத் தொடர் நடந்ததும் அந்த ஆண்டு அக்டோபரில். அந்தத் தொடரில் ஆடியவை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் டாம்பா பே ரேஸும். கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்காரரையே அழைக்காத கதை. அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் ரேஞ்சர்ஸ் அங்கே இரண்டு முறை ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துவிட்டு பேஸுக்குப் போய்ச்சேர்வது) எடுக்காமல் தோற்றது. இரண்டாவது முறை வீழ்த்தியவர் கோரி க்ளூபர். முந்தைய ஆண்டு ரேஞ்சர்ஸுக்காக ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசிக் காயம்பட்டு உட்கார்ந்தவர், யாங்கீஸ் சட்டையில் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்.

களத்தின் அளவுகளைக் கவனித்திருக்கிறீர்களா? இடது எல்லைக்கோடு 329 அடி, அட்ரியன் பெல்ட்ரேயின் சட்டை எண் 29 என்பதால். நடுக்களம் 407 அடி, இவான் ராட்ரிகஸின் 7. வலது கோடு 326, மேலாளர் ஜானி ஓட்ஸின் 26. பெல்ட்ரே, ராட்ரிகஸ் இருவரும் ரேஞ்சர்ஸுக்காக ஓடி வியர்த்ததும், ஓட்ஸ் அணியை நடத்தியதும் பெரும்பாலும் எதிரில் இருக்கும், பிறகு கால்பந்துக்கு மாற்றப்பட்ட, அந்தப் பழைய களத்தில். அவர்கள் நினைவை டேப் வைத்து அளந்து இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு இது ரசிக்கவும் முடிகிறது, எரிச்சலாகவும் இருக்கிறது.

ஆனால் 2023 அக்டோபர் 27 இருக்கிறதே! அரிசோனாவுக்கு எதிராக உலகத் தொடரின் முதல் ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸில் 3–5 என்று பின்தங்கி நிற்கும்போது கோரி சீகர் அடித்த ஹோம் ரன் கணக்கைச் சமன் செய்தது. பதினோராவதில் அடோலிஸ் கார்சியா வலதுபக்கச் சுவருக்கு அப்பால் அடித்து முடித்தார். கென்னி ராஜர்ஸ் பழையதற்குச் செய்ததை அந்த இரவு புதியதற்குச் செய்தது என்பேன். கோப்பையை என்னவோ அரிசோனாவில்தான் வென்றார்கள். அந்த ஆண்டின் நாக்அவுட் சுற்றுகளில் வெளியூரில் ஆடிய 11 ஆட்டங்களிலும் வெற்றி, சொந்த மைதானத்தில் ஆறில் நான்கு தோல்வி. அணிக்கும் இன்னும் அந்த வீடு பழகவில்லை போலிருக்கிறது, உங்களுக்கு மட்டும் எப்படிப் பழகும்?

ரேஞ்சர்ஸ் 2054 வரை அங்கேயே ஆடுவதாக ஒப்பந்தம். பழையதற்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது என்பதால் நான் பந்தயம் கட்டமாட்டேன். வெயில் ஏறாத ஏப்ரல் மாலைகளில் கூரையைத் திறக்கிறார்கள். அப்படி ஒரு நாளாகப் பார்த்து டிக்கெட் வாங்குங்கள்.