போஸ்டரைக் குறையுங்கள், தேதியைச் சொல்லுங்கள்

கேள்வி: சுகாதார மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் தடுப்பூசி போஸ்டர் போடுகிறேன். லைக் வருகிறது, ஆள் வருவதில்லை. என்ன செய்யலாம்?

லைக் போட்டவர்கள் எல்லாரும் உங்கள் கட்சிதான். அவர்களுக்குத் தடுப்பூசியின் பெருமையை மறுபடி சொல்லிப் பயனில்லை. பெரும்பாலானவர்கள் ஊசியை மறுப்பதில்லை, மறந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அதனால் குழுவை விட்டு, தனித்தனியாக நினைவூட்டுங்கள். நினைவூட்டல் பற்றிய 75 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கும் காக்ரேன் என்ற அமைப்பு 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களின் அளவு சராசரியாக 8 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. பெரிய மாயமில்லை, ஆனால் செலவு ஒரு குறுஞ்செய்திதான்.

வாசகமும் முக்கியம். அமெரிக்காவில் ஃப்ளூ ஊசிக்காக 47,000 பேருக்கு மேல் 19 விதமான செய்திகளை அனுப்பிப் பார்த்தார்கள். ‘உங்களுக்காக ஒரு ஊசி எடுத்து வைத்திருக்கிறோம்’ என்ற தொனியில், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முன் இரண்டு முறை போன செய்திதான் முதலிடம் பிடித்தது. நகைச்சுவைத் துணுக்கு அனுப்பியும் பார்த்தார்கள், அது எடுபடவில்லை!

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு எஸ்எம்எஸ். இங்கே ஒரு சிக்கல்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் ‘கு’ என்ற ஒரே எழுத்து இரண்டு இடத்தைப் பிடிக்கும். எண்ணித்தான் எழுத வேண்டும். இப்படி:

“புதன் காலை 10. நிலாவுக்கு 2ஆம் ஊசி எடுத்து வைத்துள்ளோம். வாருங்கள்.”

இது 67 இடம். குழந்தையின் பெயர், நாள், நேரம் எல்லாம் அடங்கிவிட்டது. அனுப்பும் மையத்தின் பெயர் மேலே தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாத எண் என்றால் மோசடி என்று அழித்துவிடுவார்கள்.

சரி, வதந்தி வந்தால்? அந்த வதந்திப் படத்தையே எடுத்துச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் திரும்பப் பரப்பாதீர்கள். பாதிப் பேர் படத்தை மட்டும்தான் பார்ப்பார்கள். உண்மையை முதல் வரியில் வையுங்கள். அனுப்பியவரிடம் குழுவில் மல்லுக்கட்டாமல் தனியாகப் பேசுங்கள், முடிந்தால் குரல் பதிவில். ‘காய்ச்சல் வருமாமே?’ என்று கேட்டால், ‘சில ஊசிகளுக்கு வரும், பொதுவாக ஓரிரு நாளில் சரியாகிவிடும்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டு இரவில் உடம்பு சுட்டால், அடுத்த ஊசிக்கு அவர் வரமாட்டார்.

அப்புறம், ஊசி போட்டவர்களின் பெயரை அன்றன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். போட்டு முடித்தவருக்கே ‘இன்னும் போடவில்லையா?’ என்று செய்தி போனால், அடுத்த செய்தியைத் திறக்காமலே தள்ளிவிடுவார்.