கதைப் புத்தகம் என்றாலே ஓடும் மகன்

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு, கதைப் புத்தகம் கிடைத்தால் சோறு மறந்துவிடும். மகன் நான்காம் வகுப்பு. பஸ் படம், கிரிக்கெட் ஸ்கோர் தவிர எதையும் தொட மாட்டான். ‘ஆம்பளப் பசங்க அப்படித்தான், விடுங்க’ என்கிறார் வகுப்பு டீச்சர். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். டீச்சர் சொல்வது பாதி சரி. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில், 2022-இல் ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு) நாடுகளின் 15 வயது மாணவிகள் வாசிப்பில் மாணவர்களைவிடச் சராசரியாக 24 புள்ளி முன்னே இருந்தார்கள். ஆனால் இது சராசரிக் கணக்கு. ஒரே பெஞ்சில் இருக்கும் இரண்டு பையன்களுக்குள்ளேயே இதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கலாம்.

அவனுக்குப் பிடிக்கவில்லையா, வாசிக்க வரவில்லையா என்று முதலில் பாருங்கள். பாடப்புத்தகம் வேண்டாம், அது பாதி மனப்பாடமாக இருக்கும். அவன் வயதுக்கேற்ற புதுப் பத்தி ஒன்றில் 100 சொல் எண்ணிக் கோடு போட்டு, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தப்பு 5-க்குள் என்றால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் அது அவனுக்குக் கனமான எழுத்து. எங்கே தட்டுகிறது என்பதையும் குறியுங்கள்: துணைக்காலை ‘ர’ என்கிறானா, ‘கொ’வைக் ‘கெ’ என்கிறானா, ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ போன்ற நீளச் சொல்லில் முன்பாதியை வாசித்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா? அப்படியென்றால் புத்தகம் வாங்கிக் குவித்துப் பயனில்லை. இரண்டாம் வகுப்பு அளவுக்கு இறங்கி, ஒரே 8 வரியைத் தொடர்ந்து 4 நாள் வாசிக்க வையுங்கள். பிறகு அடுத்த 8 வரி. கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரண்டு மாதத்தில் அசையவில்லை என்றால் கற்றல் குறைபாடு பார்க்கும் நிபுணரிடம் போகலாம்.

தடங்கலில்லாமல் வாசிக்கிறான் என்றால், அவன் ஏற்கெனவே வாசகன்தான். நீங்கள்தான் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்கோர் அட்டவணையும் பஸ் நேரப் பலகையும் வாசிப்பே. அங்கிருந்து ஒரு படி தள்ளுங்கள்: எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று சொல்லும் படப் புத்தகம், காமிக்ஸ், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ். முடித்ததும் ‘இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?’ என்று கேட்காதீர்கள். நாலே நாளில் புத்தகம் வீட்டுப்பாடமாகிவிடும். ‘அக்காவைப் பார்’ என்பதும் வேண்டாம். வாசி வாசி என்று சொல்வது அம்மா, டீச்சர், அக்கா மூவர் மட்டும் என்றால், இது பெண்கள் விவகாரம் என்று அவன் முடிவுகட்டிவிடுவான். அப்பா இரவில் 10 நிமிடம் விளையாட்டுப் பக்கத்தை அவனோடு சேர்ந்து வாசிக்கட்டும், செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கதை தவிர வேறெதுவும் வாசிக்கிறாளா? பெண்பிள்ளைக்குக் கதை, பையனுக்கு எஞ்சின் என்று பெரியவர்களே பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். துளிரைக் கூடத்தில் பொதுவாக வையுங்கள். யார் முதலில் பிரிப்பது என்று இருவரும் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.