டெம்பரேச்சர் முள் ஏறும்போது என்ன செய்வது? வாசகர்களின் கார் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய ஒரே மாதிரிதான் முடிகின்றன: "இதை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றிவிடலாமா?" எந்தப் பாகத்தை மாற்றுவதாக இருந்தாலும் அது எதனால் கெட்டது என்று மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள். அதற்கு நின்று பதில் சொல்கிறவரிடம் வண்டியை விடுங்கள். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

சேலம் போகும் வழியில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் தண்ணீர் வாங்கி ஊற்றி ஓட்டி வந்தேன். அதிலிருந்து வாராவாரம் தண்ணீர் குறைகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். (வாசகர், ஈரோடு)

மாற்றாதீர்கள், இப்போதைக்கு. தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் ரேடியேட்டரை மாற்றினால் புது ரேடியேட்டரிலிருந்தும் அது போய்க்கொண்டே இருக்கும்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு, காலையில், பானட்டைத் திறந்து ஒரு டார்ச் வைத்துக்கொண்டு ஹோஸ் மாட்டியிருக்கும் இடங்கள், வாட்டர் பம்பின் கீழ்ப்பக்கம், ரேடியேட்டரின் ஓரங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். கசிவு இருந்தால் அங்கே காய்ந்த உப்புப் படிவு வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஸாகவோ ஒட்டியிருக்கும். வெளியே எதுவும் இல்லை, ஆனால் முன் சீட்டுக் கால்மிதியின் கீழே ஈரம் பிசுபிசுவென்று இருந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் பக்கம் ஒழுகுகிறது. இரண்டும் இல்லையென்றால்தான் கவலை, ஏனென்றால் ஒருமுறை சிவப்பு வரை போன இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி வெளுத்த பசை இருக்கிறதா, சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் ஊகிக்கவே வேண்டாம், ரேடியேட்டர் வாயில் ஒரு கைப்பம்பை மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, கொஞ்ச நேர வேலைதான், அதைச் செய்யச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். அது வெறும் மூடி இல்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு. அந்த அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்து வழிந்துவிடும். சில நூறு ரூபாய் மூடியில் முடியக்கூடிய விஷயத்துக்குப் பல ஆயிரம் செலவு செய்தவர்கள் உண்டு.

அப்புறம் அந்த போர்வெல் தண்ணீர். கொங்குப் பக்கத்து உப்புத் தண்ணீர் கீசர் ராடில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அதேபோல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். வழியில் வேறு கதியில்லாமல் ஊற்றியது தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் முழுக்க வடித்துக் கழுவி, உங்கள் கார் கையேட்டில் சொன்ன வகைக் கூலன்ட்டை நிரப்பியிருக்க வேண்டும். செறிவான கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி, ஏற்கனவே கலந்து வருவது என்றால் அப்படியே. நிறம் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

முள் ஏறும்போது செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுசாகத் திறந்து புளோயரையும் முழுசாக வையுங்கள் (வேர்க்கும், பரவாயில்லை, இன்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக இறங்கும்), ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆகும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். துணியைப் போட்டுத் திறந்து முகத்தில் கொதிநீர் பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். நடுவில் கார் நின்றுவிட்டது. திரும்பச் செல்ஃப் அடித்தேன், 'டொக்'கென்று ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜின் வேலைக்கு இன்ஷூரன்ஸில் பணம் தர முடியாது என்கிறார்கள். இது நியாயமா? (வாசகர், வேளச்சேரி)

உங்கள் கோபம் புரிகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ குடும்பங்கள் இதே நிலைமையில் நின்றன.

நடந்தது இதுதான். காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. காற்றை அழுக்கினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. பிஸ்டன் மேலே வரும்போது போக இடமில்லாமல் அந்த விசை முழுவதும் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடில் இறங்கி அது வளைந்துவிடும். அந்த 'டொக்' சத்தம் அநேகமாக அதுதான். வண்டி தானாக நின்றபோது சேதம் இல்லாமலோ கொஞ்சமாகவோ இருந்திருக்கலாம், செல்ஃப் அடித்ததில் பெரிதாகிவிட்டது என்று கம்பெனி வாதாடும். சாதாரண முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும், ஆனால் வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்பியதால் வந்த இன்ஜின் சேதத்தைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள். அதற்குத்தான் இன்ஜின் பாதுகாப்பு என்று கூடுதல் கவர் விற்கிறார்கள். அது உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், நீங்கள் செல்ஃப் அடித்ததால்தான் சேதம் என்பதற்கு, சேதத்தை மதிப்பிட்ட சர்வேயர் என்ன காரணம் எழுதியிருக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் கம்பெனியின் குறைதீர் பிரிவு, அதற்கு மேல் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) என்று போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

மற்றவர்களுக்கு: தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அக்டோபருக்கு முன்பே அந்தக் கவரைச் சேர்த்துவிடுங்கள். உங்கள் காரில் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்று பானட்டைத் திறந்து ஒருமுறை பார்த்து வையுங்கள், பல கார்களில் ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். தண்ணீரில் போயே ஆக வேண்டுமென்றால் முதல் கியரில் மெதுவாக, ஒரே சீராகப் போங்கள். எதிரே பஸ் வந்தால் அதன் அலை அடங்கும் வரை உள்ளே இறங்காமல் நில்லுங்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். தள்ளி மேடேற்றி, பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே காகிதம் நனைந்திருந்தால் ஆள் வைத்து லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், கயிறு கட்டி கியரில் போட்டு இழுத்தாலும் இன்ஜின் சுற்றும், அதே சேதம் வரும்.

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது கருகிய வாடை, அப்புறம் பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. நல்லவேளை ஓரம் கட்டிவிட்டேன். பிரேக் பேட் புதுசுதான். (வாசகர், திருப்பூர்)

பேட் புதுசு, பிரேக் ஆயில்? அது எப்போது மாற்றியது என்று உங்கள் கடிதத்தில் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு அதை மாற்ற வேண்டும் என்பதே தெரியாது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு சுலபமாக வரும். ஆயில் கொதித்தால் குமிழி, குமிழி இருந்தால் பெடலை மிதிக்கும்போது குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பெடல் சரியாகிவிடும், அதை நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். ஆயிலை மாற்றி, காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்குங்கள், இரண்டாவது கியர் பல வளைவுகளுக்குச் சரியாக இருக்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவது, இன்ஜினை அணைத்து இறங்குவது இரண்டும் உயிரோடு விளையாடுவது. இன்ஜின் நின்றால் பவர் பிரேக்கின் உதவி ஒன்றிரண்டு மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆட்டோமேட்டிக் காராக இருந்தால் 'எல்' (குறைந்த கியர்) அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். இன்னொன்று, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது.

என் கார் 2017 மாடல். பள்ளிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓட்டுகிறேன், டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. பஞ்சர் கடைத் தம்பி நான்கையும் மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா? (ஆசிரியை, மதுரை)

இல்லை அம்மா, அந்தத் தம்பி சொல்வது சரி. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 3517 என்று இருந்தால் 2017ஆம் வருடத்தின் 35ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகி இறுகும். ரிம்முக்குப் பக்கத்தில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள் இருக்கும், விரலால் மடக்கிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். அந்த டயரோடு கோடையில் நான்குவழிச் சாலையில் போகாதீர்கள். ஆறு வருடம் தாண்டிய டயரை நான் நம்ப மாட்டேன். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் எண்ணையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு அதிகமாக மடங்கி மடங்கிச் சூடேறும், வெடிப்பதற்கு அதுதான் முக்கியமான காரணம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள அளவுக்குக் காற்று வையுங்கள், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது. நைட்ரஜன் கட்டாயமில்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

வருடா வருடம் சித்திரை பிறந்தால் ஏசிக்கு கேஸ் நிரப்புகிறேன். இதுதான் வழக்கமா? (வாசகர், வேலூர்)

கடைக்காரர்களுக்கு வழக்கம். கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை, மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. வருடத்துக்குள் குளிர்ச்சி போகிறதென்றால் எங்கோ கசிகிறது, அதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். கடைக்குப் போகும் முன் கையுறைப் பெட்டிக்கு (குளோவ் பாக்ஸ்) பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை உருவிப் பாருங்கள், பல கார்களில் அதற்கு ஒரு கருவியும் வேண்டாம். வேப்பிலைச் சருகும் தூசியும் அடைத்து நின்றால் காற்றே வராது, கேஸ் மேல் பழி போடுவோம். ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்சரில் பூச்சியும் மண்ணும் அப்பியிருந்தாலும் குளிராது, வேகம் குறைந்த தண்ணீரில் கழுவினால் போதும்.

எலித் தொல்லை. இரண்டு முறை ஒயரைக் கடித்துவிட்டது. (வாசகர், கும்பகோணம்)

இரவில் இன்ஜின் சூட்டுக்காகத்தான் வருகிறது. வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிறுத்துபவர் என்றால் பானட்டைத் திறந்தே வையுங்கள், வெளிச்சமும் காற்றும் பட்டால் தங்காது. புகையிலைத் துண்டுகளைத் துணியில் கட்டி வைப்பது கொஞ்ச நாள் வேலை செய்யும், வாடை போனதும் மாற்ற வேண்டும். காருக்குள் முறுக்கு, பிஸ்கட் துகள் எதுவும் இருக்கக் கூடாது. கடித்த ஒயரை டேப் சுற்றி ஒட்டுவது விளக்குக்குப் பரவாயில்லை, ஏபிஎஸ் சென்சர் ஒயருக்கும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஏர்பேக் ஒயருக்கும் கூடவே கூடாது.

என்னுடையது 2012 பெட்ரோல் கார். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்கிறது. மைலேஜ் குறைந்த மாதிரி இருக்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

குறையத்தான் செய்யும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. உங்கள் வயது வண்டியில் மைலேஜைவிட ரப்பர் ஹோஸ்களைத்தான் நான் கவனிப்பேன். ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் குழாய்களைத் தொட்டு, மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊறி மெத்தென்று இருந்தாலோ வெடித்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் மாதக்கணக்கில் வண்டியைச் சும்மா நிறுத்துவதாக இருந்தால் பழைய பெட்ரோலோடு அப்படியே விட்டுவிடாதீர்கள்.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் வரும்போதுதான் காரை எடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் பேட்டரி இறங்கியிருக்கிறது. தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா? (வாசகர், காரைக்குடி)

போதாது ஐயா, அது இன்னும் கெடுதல். ஸ்டார்ட் செய்யச் செலவான கரண்ட்டையே ஐந்து நிமிடத்தில் திருப்பி ஏற்ற முடியாது, இன்ஜினும் சரியாகச் சூடாகாமல் ஆயிலில் ஈரம் சேரும். வாரம் ஒருமுறை யாராவது அரை மணி நேரம் சாலையில் ஓட்டட்டும். ஆளில்லை என்றால் 10 எண் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் பிரேக் ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டர் இருந்தால் பாருங்கள்: நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். முழுசாகச் சார்ஜ் ஏற்றிய மறுநாளே 12.2க்கு இறங்கினால் அதன் காலம் முடிந்தது.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவதாக இருந்தால், சிவப்பை முதலில் உங்கள் பாசிட்டிவ்வில், மறுமுனையை அவர்கள் பாசிட்டிவ்வில், கறுப்பை அவர்கள் நெகட்டிவ்வில் மாட்டுங்கள். கடைசிக் கறுப்பு முனை மட்டும் உங்கள் பேட்டரியில் வேண்டாம், கொஞ்சம் தள்ளி இன்ஜினின் வெறும் இரும்பில் மாட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் தீப்பொறி பறந்தால் அதிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளும்.