ஜார்ஜ் லேசன்பி நடித்த ஒரே ஜேம்ஸ் பாண்ட் படம் உண்மையிலேயே மோசமா? இப்போது பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். நீங்கள் கேட்பது 1969-இல் வந்த 'ஆன் ஹர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தைப் பற்றி. ஷான் கானரி ஐந்து படம் நடித்துவிட்டு விலகியதும் அந்த இடத்துக்கு வந்த புதுமுகம்தான் லேசன்பி. ஒரே படத்தோடு அவரும் போய்விட்டார். "அந்த ஆள் சரியில்லை" என்ற பேச்சு மட்டும் ஐம்பது வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டது. பாண்ட் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முடிவையும் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. வீடு சாட்ஸ்வொர்த்தில். மாமா (என் கணவரின் அப்பா) இங்கேயே பிறந்தவர், கானரி பைத்தியம். இந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே, "விடும்மா, அது பாண்டே இல்லை" என்பார். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்தி உட்கார வைத்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: மாமா இந்தப் படத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் டவுனில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு இந்தியர்களுக்கான தியேட்டர்கள் கிரே தெரு, விக்டோரியா தெரு வட்டாரத்தில்தான் இருந்தன. அவலான், ஷாஜகான் என்று பெயர்களைச் சொல்லும்போதே மாமாவின் முகம் மலரும். ஆனால் இன ஒதுக்கல் சட்டத்தால் மக்களை டவுனைச் சுற்றியிருந்த இடங்களிலிருந்து பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தார்கள். தியேட்டர் ஒரு பக்கம், வீடு இன்னொரு பக்கம். இரவுக் காட்சிக்குப் போனால் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இந்தப் படமோ 142 நிமிஷம். 2006-இல் 'கசினோ ராயல்' வரும்வரை பாண்ட் படங்களில் இதுதான் நீளம். கல்யாணக் காட்சி வந்ததும் படம் முடிந்தது என்று மாமாவும் கூட்டாளிகளும் எழுந்து ஓடியிருக்கிறார்கள். பாண்ட் தன் தொப்பியைக் கழற்றி, மேலதிகாரியின் செயலாளரான மணிபென்னியை நோக்கி வீசுவான், அவள் கண்ணில் நீரோடு பிடிப்பாள். அவர் கண்ட கடைசிக் காட்சி அந்தத் தொப்பிதான்.

அப்புறம் பார்க்க வழியும் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்ததே 1976-இல்தான். 1981-இல் வந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' படத்தின் ஆரம்பத்தில் பாண்ட் தன் மனைவியின் கல்லறைக்குப் பூ கொண்டுவருவான். அதைப் பார்த்துத்தான் அவள் இறந்துவிட்டாள் என்பதே மாமாவுக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது.

சரி, லேசன்பிக்கு வருவோம். ஆஸ்திரேலியாக்காரர். கார் விற்றவர், பிறகு மாடல், சாக்லேட் விளம்பரத்தில் வந்தவர். சினிமா நடிப்பு அனுபவமே கிடையாது. கானரி முடிவெட்டிக்கொள்ளும் இடத்தில் முடிவெட்டிக்கொண்டு, கானரியின் தையல்காரர் தைத்த சூட்டைப் போட்டுக்கொண்டு தயாரிப்பாளர் முன்னால் போய் நின்றவர். தேர்வானபோது வயது 29. அவ்வளவு இளவயதில் வேறு யாரும் பாண்ட் ஆகவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. கிண்டல் வசனங்கள் அவர் வாயில் ஒட்டவில்லை. வில்லனின் மலையுச்சி மருத்துவமனைக்குச் சர் ஹிலரி பிரே என்ற வம்சாவளி ஆய்வாளராக வேஷம் போட்டுப் போகும் நீண்ட பகுதியில் அவருக்கு வேறொரு நடிகர், ஜார்ஜ் பேக்கர், குரல் கொடுத்தார். உதட்டைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பகுதி கொஞ்சம் இழுக்கவும் செய்கிறது. போன படத்தில் நேருக்கு நேர் பார்த்த வில்லன் புளோஃபெல்ட் இதில் பாண்டை அடையாளம் காணாதது பலருக்கும் உறுத்தும். நாவல் வரிசையில் இந்தக் கதைதான் முந்தியது, படமாக்கும்போது வரிசை மாறிவிட்டது, அதனால் வந்த கோளாறு.

ஆனால் ஸ்கேட்டிங் காட்சியை ஒரு முறை பாருங்கள். மலையிலிருந்து இரவில் பனிச்சறுக்கில் தப்பி ஊருக்குள் வருகிறான் பாண்ட். கிறிஸ்துமஸ் திருவிழா, ஊரே கூட்டம், பின்னால் துரத்தி வந்த ஆட்கள். கரடி வேஷம் போட்ட ஒருவர் திடீரென்று முன்னால் வர, பளிச்சென்று கேமரா வெளிச்சம் அடிக்க, பாண்ட் திடுக்கிட்டு ஒடுங்குகிறான். பிறகு ஸ்கேட்டிங் தளத்தின் ஓரத்தில், கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்துவிடுகிறான். ஓட முடியவில்லை, ஒளியவும் இடமில்லை. குழந்தைகள் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் முன்னால் ஒரு ஜோடி ஸ்கேட்டிங் காலணி வந்து நிற்கிறது. கேமரா மெல்ல மேலே போனால், பாண்ட் பின்னால் கல்யாணம் செய்துகொள்ளும் டிரேசியின் முகம்.

அந்த இடத்தில் பாண்டின் முகத்தில் இருப்பது சுத்தமான பயம். கானரி உட்கார்ந்திருந்தால் நாம் பயப்பட்டிருக்க மாட்டோம், ஏதோ வழி வைத்திருப்பார் என்று நிம்மதியாக இருந்திருப்போம். லேசன்பி பழக்கமில்லாத ஆள். எல்லாம் தெரிந்தவர் என்ற தோரணை அவர் முகத்துக்கு இன்னும் வரவில்லை. அதனால்தான் அவர் மாட்டிக்கொண்டால் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவரைக் காப்பாற்ற ஒரு பெண் வருவதையும் நம்ப முடிகிறது. எதை அவருடைய குறை என்று சொன்னார்களோ, அதுதான் இந்தக் கதைக்கு வேண்டியிருந்தது.

டிரேசியாக வரும் டயானா ரிக்கைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். அனுபவமில்லாத நடிகருக்கு எதிரில் இப்படி ஒருவர் இருந்தது படத்தின் பாக்கியம். கார் ஓட்டுவது, சண்டை போடுவது, புளோஃபெல்டிடம் கவிதை சொல்லிப் பேச்சுக் கொடுத்து நேரம் கடத்துவது என்று எல்லாவற்றிலும் பாண்டுக்குச் சமமாக நிற்கிறார். இவளுக்காக ஒருவன் வேலையை விடுவான் என்று நமக்கே தோன்றிவிடுகிறது.

இயக்குநர் பீட்டர் ஹண்ட் முந்தைய பாண்ட் படங்களின் எடிட்டர். இயக்கிய முதல் படம் இதுதான். எடிட்டர் கை என்பது சண்டைகளில் தெரியும், அடி விழுவதற்குள் காட்சி வெட்டுப்படும். பாண்ட் படங்களின் வழக்கமான மாயக் கருவிகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு நாவலை ஒட்டியே எடுத்தார். அந்த மலையுச்சி மருத்துவமனை செட் இல்லை. சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் சிகரத்தில், 2,970 மீட்டர் உயரத்தில், அப்போது கட்டி முடியாமல் இருந்த சுழலும் உணவகம். படக்குழுதான் பணம் கொடுத்து வேலை முடிய உதவியது. படத்தில் வைத்த 'பிட்ஸ் குளோரியா' என்ற பெயரிலேயே இன்றும் நடக்கிறது.

அன்றைக்கு எடுபடாமல் போனதற்கு நடிகர் மட்டும் காரணமில்லை. முந்தைய படத்தைவிட வசூல் குறைவு. அடுத்த படங்களுக்கும் நடிக்கச் சொன்னதை லேசன்பியே மறுத்துவிட்டார். இந்த மாதிரி ஹீரோக்களின் காலம் முடிந்தது என்று அவருடைய ஏஜென்ட் சொன்னதை நம்பினார். முதல் காட்சி விழாவுக்குத் தாடியும் நீள முடியுமாக வந்து நின்றார். 1971-இல் கானரி திரும்பி வந்ததும், இந்தப் படம் நடுவில் வந்த தவறு என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. பின்னால் கிறிஸ்டோபர் நோலன் தனக்குப் பிடித்த பாண்ட் படம் இதுதான் என்றார். 2021-இல் வந்த பாண்ட் படமான 'நோ டைம் டு டை', இந்த 1969 படத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டையே திரும்ப எடுத்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கல்யாணக் காட்சி வந்ததும் பழக்கதோஷமாய் எழுந்தார். "இருங்க மாமா, இன்னும் இருக்கு" என்றேன். காரிலிருக்கும் பூக்களை எடுக்கச் சாலையோரம் நிறுத்துகிறார்கள். இன்னொரு கார் கடந்து போகிறது, குண்டுகள் பாய்கின்றன. பாண்ட் காருக்குள் தாவி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், கண்ணாடியில் ஓட்டை, டிரேசி சாய்ந்து கிடக்கிறாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கிறாள், எங்களுக்கு அவசரமில்லை, நிறைய நேரம் இருக்கிறது என்கிறான். முதலில் லேசன்பி அழுது நடித்தாராம், பாண்ட் அழ மாட்டான் என்று ஹண்ட் மறுபடி எடுத்திருக்கிறார். அழாமல் சொல்லும் அந்தக் குரல் இன்னும் கனமாக இருக்கிறது. நடிப்பு தெரிந்தவர் அங்கே ஏதாவது செய்து காட்டியிருப்பார். இவர் எதையும் செய்யவில்லை, மனைவியின் தலைமேல் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார்.

எழுத்துகள் ஓடி முடியும்வரை மாமா நின்றுகொண்டே இருந்தார். அப்புறம், "அன்னிக்கு அந்த பஸ்ஸை விட்டிருக்கணும்மா" என்றார்.

நீங்கள் பார்ப்பதென்றால் இரண்டரை மணி நேரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, இரவில், போனை எடுக்காமல் பாருங்கள். முதல் இருபது நிமிஷம் கானரி நினைவு வரும், வரட்டும். ஸ்கேட்டிங் தளத்துக்கு வரும்போது அவரை மறந்திருப்பீர்கள்.